எடை மேடையில் தொடங்கும் பயணம்: எரிமலைக்கும் பனியாற்றுக்கும் மேலே ஹெலிகாப்டர்

சத்துவாச்சாரியில் எங்கள் தெருக்கோடி வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை கேதார்நாத் போய்த் திரும்பியபோது, தெருவே கூடி அவரிடம் கோயிலைப் பற்றிக் கேட்டது. அவரோ எடை பார்த்த கதையைத்தான் முதலில் சொன்னார். "அரிசி மூட்டை மாதிரி ஒவ்வொருத்தரையும் மேடையில ஏத்தி எடை போட்டாங்க தம்பி. அவரை ஒரு பக்கம், என்னை ஒரு பக்கம் உட்கார வெச்சுட்டாங்க. நாப்பது வருஷமா பக்கத்துலயே இருந்த மனுஷன், அந்தப் பத்து நிமிஷம் பக்கத்துல இல்ல" என்று அவர் சொன்னதில் குறை பாதி, பெருமை பாதி. இதற்கு முன்பு மலையடிவாரத்தில் இரண்டு நாள் மேகம் விலகுவதற்காகக் காத்துக் கிடந்திருக்கிறார்கள். அந்த இரண்டு நாளின் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் யார் தலையில் விழும் என்பதை, குழுவைக் கூட்டிப்போன நம் ஊர்ப் பயண ஏற்பாட்டாளர் கிளம்புவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் அவருடைய உண்மையான கோபம்.

எடை போட்டது, இடம் மாற்றி உட்கார வைத்தது, காக்க வைத்தது ஆகிய இம்மூன்றும் அந்த அம்மையாருக்குத் தொல்லையாகத் தெரிந்தாலும், அந்தப் பயணமே இவற்றின் மீதுதான் நிற்கிறது. ஐஸ்லாந்தில் எரிமலைக் குழம்பு ஓடுவதை மேலிருந்து பார்க்கப் போகிறவரும், நியூசிலாந்தில் பனியாற்றின் மீது இறங்கி நடக்கப் போகிறவரும் இதே மூன்றைச் சந்தித்தே ஆகவேண்டும். விளம்பரப் படங்களில் தெரிவது நெருப்பும் பனியும். பயணத்தை ஆள்வதோ கண்ணுக்குத் தெரியாத காற்று. அந்த நெருப்பும் பனியுமே காற்றை நிலைகொள்ளாமல் செய்கின்றன என்பதுதான் இத்தொழிலின் தீராத சிக்கல். பிள்ளைகள் வெளிநாட்டில் வேலை பார்க்கும் வீடுகள் காட்பாடியிலும் ஆம்பூரிலும் இன்று ஏராளம்; பார்க்கப் போகும் பெற்றோருக்கு ஒரு ஹெலிகாப்டர் சுற்றுலாவைப் பரிசாக வாங்கித் தருவதும் அபூர்வமல்ல. ஆகவே அந்தச் சீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கைகள் காற்றைக் கீழே தள்ளுகின்றன. அதன் எதிர்விசை வண்டியை மேலே தூக்குகிறது. தள்ளுவதற்குக் கிடைக்கும் காற்று கனமாக இருந்தால் தூக்குவது எளிது, லேசாக இருந்தால் கடினம். கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. கேதார்நாத் இருப்பது 3,583 மீட்டர் உயரத்தில். அங்கே அதே அளவுக் காற்று 0.86 கிலோதான் தேறும். பத்துக்கு மூன்று பங்கு காற்று காணாமல் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். இறக்கைக்கு மட்டுமா நட்டம்? எந்திரமும் அதே காற்றைத்தான் உறிஞ்சி எரிபொருளை எரிக்கிறது. கூடுதலாக உழைக்கவேண்டிய இடத்தில் அதற்கு மூச்சும் குறைகிறது.

உயரம் செய்யும் இந்த வேலையை வெயிலும் செய்யும் என்பதை வேலூர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் ஊர். கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொடும் ஒரு மதியத்தில் கோட்டை மைதானத்தில் ஹெலிகாப்டர் ஒன்று நிற்பதாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.1 கிலோவாக இறங்குகிறது. வழக்கமான கணக்கின்படி அது சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், 8 டிகிரிக் குளிரில் இருக்கவேண்டிய அடர்த்தி. நாம் மைதானத்தில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், ஹெலிகாப்டர் தன்னளவில் குளிர்காலத்து ஏலகிரி உச்சியில் நின்றுகொண்டிருக்கிறது. விமானிகள் இதற்கு அடர்த்தி உயரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வரைபடம் காட்டும் உயரத்தைவிட இந்த உயரத்தைத்தான் அவர்கள் நம்புகிறார்கள்.

எடை மேடைக்கான காரணம் இங்கே இருக்கிறது. இத்தகைய சுற்றுலாக்களில் பெரும்பாலும் ஓடுவது ஐந்தாறு பேர் ஏறும் சிறிய ஒற்றை எந்திர ஹெலிகாப்டர். அதில் நூறு கிலோ வித்தியாசம் என்பது பெரிய வித்தியாசம். கேதார்நாத் சேவையில் 80 கிலோவுக்கு மேற்பட்டவரிடம் கூடுதல் கட்டணம் வாங்குவதைச் சிலர் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளபடி அது தூக்குதிறனின் கணக்கு. உட்காரும் இடம் மாறுவதற்கு விளக்கம் நம் மாட்டு வண்டியிலேயே உண்டு. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும்; வண்டிக்காரர் மூட்டையை முன்னும் பின்னும் தள்ளிவைத்துச் சமன் செய்வார். ஹெலிகாப்டர் முழுவதும் மேலே உள்ள ஒற்றை அச்சில் தொங்குவதால், இந்தச் சமன் அங்கே இன்னும் கறாராகத் தேவைப்படுகிறது. தம்பதியரைப் பிரிப்பதில் விமானிக்கு மகிழ்ச்சி ஒன்றும் இல்லை.

தரைக்கு அருகில் இருக்கும்போது கீழே தள்ளிய காற்று தரையில் முட்டிப் பரவுவதால், அந்தரத்தில் நிற்பது சற்று எளிதாகிறது. இறக்கைகளின் வட்டம் எவ்வளவு அகலமோ ஏறத்தாழ அவ்வளவு உயரம் வரைதான் இந்த உதவி கிடைக்கும். மலை முகட்டில் உள்ள இறங்குதளத்திலிருந்து எழும்பி விளிம்பைத் தாண்டியதும், கீழே திடீரென்று ஆயிரம் அடிப் பள்ளம். தாங்கிக்கொண்டிருந்த தரை இல்லாமல் போகிறது. விளிம்பைத் தாண்டியபோது வயிற்றுக்குள் ஏதோ நழுவியது போல இருந்தது என்று ஆசிரியை சொன்னது வெறும் பயம் மட்டுமல்ல. 2005 மே 14 அன்று டிடியே டெல்சால் என்ற பிரெஞ்சு விமானி ஒருவர் ஹெலிகாப்டரை எவரெஸ்ட் உச்சியிலேயே இறக்கிக் காட்டினார் என்பது உண்மைதான். ஆனால் அவர் தனியாக, எடையை இயன்றவரை குறைத்த வண்டியில், தக்க காற்று வாய்க்கும் நேரம் பார்த்துப் போனவர். அந்தச் சாதனையை நினைத்துக்கொண்டு ஆறு பேரை ஏற்றிப் போக முடியாது.

இனிக் காத்திருப்பு. மலைப் பள்ளத்தாக்குகளில் வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, காற்று பள்ளத்தாக்கு வழியாக மேல்நோக்கிக் கிளம்பும். மதியத்துக்கு மேல் அந்த ஈரக் காற்றே மேகமாகத் திரண்டு வழியை அடைக்கும். பனியாறு இருக்கும் இடத்தில் இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடக்கிறது: பனியின் மீது குளிர்ந்து கனத்துப்போன காற்று, மழைத்தண்ணீர் சரிவில் வழிவது போல, பனியாற்றின் மேற்பரப்பை ஒட்டியே கீழ்நோக்கி வழியும். மேலேறும் சூட்டுக்காற்றும் கீழிறங்கும் குளிர்க்காற்றும் ஒரே பள்ளத்தாக்கில் முட்டிக்கொள்கின்றன. காலை நேரச் சீட்டுக்குக் கிராக்கி இருப்பது இதனால்தான். ஆனாலும் விடியற்காலை என்பதே பாதுகாப்பாகிவிடாது. 2025 ஜூன் 15 அன்று கேதார்நாத்திலிருந்து திரும்பிய ஹெலிகாப்டர் கௌரிகுண்டுக்கு அருகே காட்டில் விழுந்து ஏழு பேர் இறந்தது அதிகாலையில்தான். அதற்கு முன் 2022 அக்டோபர் 18 அன்றும் அதே வழித்தடத்தில் ஏழு பேர் மாண்டார்கள். இரண்டு நாளிலும் பார்வைக்கு வழி தெரியாத மோசமான வானிலை. எங்கள் தெரு ஆசிரியை காத்துக் கிடந்த இரண்டு நாள்களை நான் இந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

இத்தனை பாடுபட்டுப் பார்க்கப் போவதுதான் என்ன? பனியாறு என்பதைப் பத்திரிகைகள் பனிப்பாறை என்றே எழுதிவிடுகின்றன. அது பாறையாக ஓரிடத்தில் கிடப்பதல்ல, மிக மெதுவாக ஓடுவது. ஆண்டுக்காண்டு விழும் பனி தன் எடையிலேயே அழுந்தி, உள்ளிருக்கும் காற்றுக் குமிழிகள் நசுங்கி, கெட்டிப்பட்டு, சரிவில் இறங்கத் தொடங்குகிறது. அப்படி அழுந்திய பனி ஒளியின் சிவப்புப் பகுதியை விழுங்கிவிடுவதால் பிளவுகளுக்குள் நீலமாகத் தெரிகிறது. தரையில் நின்று பார்ப்பவருக்கு அழுக்குப் படிந்த ஒரு பனிச் சுவர்தான் தெரியும். மேலிருந்து பார்த்தால்தான் அது ஆறு என்பது விளங்கும். வளைவில் வெளிப்பக்கம் நீண்டு கிழிந்த பிளவுகள், இரண்டு கிளைகள் கூடுமிடத்திலிருந்து நடுவே ஓடும் கறுப்புக் கல்வரிசை, கரையோரம் அரைத்து ஒதுக்கிய மண்மேடு என எல்லாம் ஒரே பார்வையில் விழும். ஐஸ்லாந்தில் இன்னொன்றும் சேரும்: பழைய வெடிப்புகளின் சாம்பல் பனிக்குள் கறுப்பு அடுக்குகளாகப் படிந்து, மரத்தின் ஆண்டு வளையங்கள் போலக் காலக்கணக்கைக் காட்டும்.

அந்த நாட்டின் தென்கரையில், வத்னயோகுட்ல் என்ற மாபெரும் பனிக்கவிகையின் (மலைகளையே மூடிக் கவிந்து கிடக்கும் பனித்திரளின்) அடியில், ஸ்கெய்தராவ் மணல்வெளி விரிந்து கிடக்கிறது. மேலிருந்து எடுத்த அதன் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பாலாறுதான் நினைவுக்கு வந்தது. ஒரே படுகையில் பத்து இழையாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரியும் நீர்க்கோடுகள். நடுவே மணல் திட்டுகள். தண்ணீரில்லாத ஆறு என்று கேலிக்கு ஆளான பாலாறு 2021 நவம்பரில் கரை தொட்டு ஓடியதைப் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, அமைதியான மணல்வெளி எவ்வளவு விரைவில் குணம் மாறும் என்று சொல்லவேண்டியதில்லை. ஐஸ்லாந்தில் அந்த மாற்றத்தை உண்டாக்குவது மழை அல்ல. 1996 செப்டம்பர் இறுதியில் வத்னயோகுட்லின் பனிக்கு அடியிலேயே எரிமலை ஒன்று வெடித்தது. உருகிய நீர் பனிக்குக் கீழேயே ஓர் ஏரியில் ஐந்து வாரம் சேர்ந்து, நவம்பர் 5 அன்று பனியாற்றைத் தூக்கிக்கொண்டு வெளிப்பட்டது. உச்சத்தில் வினாடிக்கு 45,000 கன மீட்டருக்கு மேல். நம் கணக்கில் ஏறத்தாழ 16 லட்சம் கன அடி. வீட்டளவு பனிக்கட்டிகள் மிதந்து வந்து நெடுஞ்சாலைப் பாலத்தை முறித்தன. வெள்ளம் வரும் என்று முன்பே தெரிந்து சாலையை மூடியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. முறுக்கிக்கொண்டு கிடக்கும் பாலத்தின் இரும்புச் சட்டங்களை நினைவுச் சின்னமாக இன்றும் விட்டு வைத்திருக்கிறார்கள்.

நெருப்பும் பனியும் சேர்ந்தால் என்ன ஆகும், சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரே மலை ஒரே வசந்தத்தில் காட்டியது 2010-இல்தான். எய்யாபியாட்லயோகுட்ல் என்ற அந்தப் பெயரை அன்றைய செய்தி வாசிப்பாளர்கள் பட்ட பாட்டோடு பலர் நினைவில் வைத்திருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் தீவுமலைப் பனியாறு என்றுதான் பொருள். மார்ச் 20 அன்று அந்த மலையின் பக்கவாட்டில், இரண்டு பனிக்கவிகைகளுக்கு இடையே பனிப்போர்வை இல்லாத கணவாய் ஒன்றில் நிலம் பிளந்து குழம்பு கிளம்பியது. தடையின்றி வெளியேற இடம் கிடைத்ததால், வெடித்துச் சிதறாமல், செந்நிற ஊற்றாகப் பீய்ச்சியடித்து ஓடையாக வழிந்தது. உலகமே வேடிக்கை பார்க்கத் திரண்டது. ஹெலிகாப்டர்கள் தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்வந்த வண்ணம் இருந்தன. சுற்றுலா வெடிப்பு என்றே அதற்குப் பெயர் விழுந்தது. மூன்று வாரத்தில் அது அடங்கியது.

ஏப்ரல் 14 அன்று அதே மலையின் உச்சியில், ஏறத்தாழ 200 மீட்டர் தடிமனுள்ள பனிக்கு அடியில் குழம்பு மேலே வந்தது. கொதிக்கும் குழம்பு உருகிய நீரைத் தொட்டதும் நீர் நொடியில் ஆவியாகி விரிந்தது. திடீரென்று குளிர்ந்த குழம்பு கண்ணாடிச் சில்லுகளாக நொறுங்கியது. பழுக்கக் காய்ச்சிய இரும்புச் சட்டியில் தண்ணீரை ஊற்றினால் கேட்கும் சத்தத்தை ஒரு மலை அளவுக்குப் பெருக்கிக்கொள்ள வேண்டும். மாவு போன்ற அந்தத் தூள் ஒன்பது கிலோமீட்டர் உயரத்துக்குக் கிளம்பி, ஐரோப்பாவின் மேல் பரவியது. ஆறு நாள் வான்வழி பெரும்பாலும் மூடப்பட்டு, ஏறத்தாழ ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாகி, ஒரு கோடிப் பயணிகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். முதல் வெடிப்பைப் பார்க்கச் சீட்டு விற்றவர்களால் இரண்டாவதன் அருகில் போக முடியவில்லை. குழம்பு மேலே வந்த இடத்தில் பனி இருந்ததா இல்லையா என்பதுதான் இரண்டுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு.

எரிமலைச் சாம்பல் என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றுகிறது. விறகடுப்பில் கிடைப்பது போன்ற மெத்தென்ற சாம்பல் அல்ல அது; பொடித்த பாறையும் கண்ணாடியும். வேலூரைச் சுற்றிய கல்குவாரிச் சாலைகளில் இருசக்கர வாகனத்தில் போய், கிரஷரிலிருந்து பறக்கும் தூளைப் பல்லில் நறநறவென்று உணர்ந்தவர்களுக்கு அதன் தன்மை புரியும். அந்தத் தூள் எந்திரத்துக்குள் போனால் முதலில் இறக்கைத் தகடுகளை உப்புத்தாளாகத் தேய்க்கும். அதற்கு மேல், எந்திரத்தின் எரியறை வெப்பம் 1,000 டிகிரியை நன்றாகத் தாண்டுவதால், கண்ணாடித் தூள் உருகி உள்தகடுகளில் பூச்சாகப் படியும். கரிகிரி மட்கலங்களின் மேல் சூளையில் பளபளப்புப் பூச்சு ஏறுவதும் இதே வகை வேலைதான். பானைக்கு அழகு சேர்ப்பது எந்திரத்துக்கு மூச்சடைப்பாகிறது. 1982 ஜூன் 24 அன்று, லண்டனிலிருந்து மும்பை, சென்னை வழியாகக் கோலாலம்பூர் வந்து பெர்த்துக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஜம்போ விமானம், இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலில் சிக்கி நான்கு எந்திரங்களையும் இழந்தது. சாம்பலை விட்டுக் கீழே இறங்கியதும் அவை மறுபடி இயங்கியதால் ஜகார்த்தாவில் தரையிறங்க முடிந்தது. நான்கு எந்திரமும் பத்து கிலோமீட்டர் உயரமும் இருந்ததால் அந்த விமானிக்கு அவகாசம் கிடைத்தது. ஐந்நூறு மீட்டர் உயரத்தில் ஒற்றை எந்திரத்தோடு பறக்கும் சுற்றுலா ஹெலிகாப்டருக்கு அந்த அவகாசம் கிடையாது.

2021 மார்ச் 19 அன்று ரெய்க்யவிக்குக்குத் தென்மேற்கே ரெய்க்யனெஸ் தீபகற்பத்தில் ஏறத்தாழ 800 ஆண்டு உறக்கத்துக்குப் பிறகு எரிமலை கண் விழித்ததும், ஹெலிகாப்டர் சுற்றுலாவுக்கு மீண்டும் பொற்காலம் பிறந்தது. தலைநகரிலிருந்து சில நிமிடப் பறப்பு, பனி இல்லாத இடம், மெதுவாக வழியும் குழம்பு. ஆறு மாதத்தில் நடந்தும் பறந்தும் லட்சக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள். இத்தகைய வெடிப்பின்போதும் விமானிகள் நேர் மேலே போய் நிற்பதில்லை. ஆயிரத்து நூறு டிகிரிக்கு மேற்பட்ட குழம்பின் மீதுள்ள காற்று கொதித்து லேசாகி மேலே பாய்கிறது. கோட்டை மைதானக் கணக்கை இங்கே பல மடங்காக்கிப் பார்க்கலாம். கந்தக வாயு நீலப் புகையாகக் காற்றின் போக்கில் படர்ந்திருக்கும். நிறமும் மணமும் இல்லாத கரியமில வாயு பள்ளங்களில் தேங்கிக் கிடக்கும். எனவே காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாகவே அணுகி, பக்கவாட்டில் விலகி நின்று காட்டிவிட்டுத் திரும்புவதுதான் முறை. இன்னும் கிட்டே போங்கள் என்று நச்சரிக்கும் பயணி தான் கேட்பது எதை என்று அறிவதில்லை. அதே தீபகற்பத்தில் 2023 நவம்பரில் கிரிந்தவிக் என்ற மீனவர் ஊரையே இரவோடு இரவாகக் காலி செய்யவேண்டி வந்தது; காட்சியாக இருந்தது கண்ணீரானது அங்கே மூன்று ஆண்டுக்குள்.

இடையில் நம் ஊரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் நமக்கு எரிமலையோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஐஸ்லாந்தின் மிகப் பழைய பாறைக்கு வயது ஒன்றரைக் கோடி ஆண்டு சொச்சம். வேலூர்க் குன்றுகளின் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானது. பழைய வட ஆற்காட்டில் இந்தக் கிழங்களுக்கு நடுவே இளையது ஏலகிரி. ஜோலார்பேட்டையைக் கடக்கும்போது ரயில் ஜன்னலில் தெரியும் அந்த மலை, ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் உருகிய குழம்பாக மேலேறி, வெளியே வராமலே உள்ளே ஆறி இறுகியது. மேலிருந்த மண்ணும் பாறையும் கரைந்துபோன பிறகு இன்று மலையாக நிற்கிறது. அதன் அருகே செவ்வாத்தூரில் கிடைக்கும் வெர்மிகுலைட் என்ற கனிமமும் அந்தக் குழம்புக் காலத்தின் வாரிசுதான். அதன் செதிலை அடுப்பில் காட்டினால் பொரி போலப் பொரிந்து புழுப் போல நீளும். திருவண்ணாமலையை எரிமலை என்று சொல்வோர் உண்டு. அது நெருப்பு மலை என்பது புராணம் சொல்லும் உண்மை, மண்ணியல் அங்கே எரிமலைக் கூம்பு எதையும் காட்டவில்லை. இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. ஒன்றரை நூற்றாண்டு உறக்கத்துக்குப் பின் அது 1991-இல் மீண்டும் விழித்தது.

விழிக்கும் நேரத்தை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதில்தான் எரிமலைச் சுற்றுலாவின் பெரிய ஆபத்து அடங்கியிருக்கிறது. குழம்பு மேலே ஏறும்போது நிலம் வீங்கும், நடுங்கும், கருவிகள் காட்டிக்கொடுக்கும். ஆனால் குழம்பு அசையாமலே, நிலத்தடி நீர் சூடேறி ஆவியாகத் தெறிக்கும் வெடிப்பு ஒன்று உண்டு. குக்கரின் மூடி பறப்பது போன்றது அது, முன்னறிவிப்பு மிகக் குறைவு. நியூசிலாந்தின் வெள்ளைத் தீவு எனப்படும் வாக்காரியில் 2019 டிசம்பர் 9 அன்று மதியம் அதுதான் நடந்தது. எச்சரிக்கை நிலை மூன்று வாரம் முன்பே உயர்த்தப்பட்டிருந்தும் படகிலும் ஹெலிகாப்டரிலும் வந்த 47 பேர் அப்போது தீவில் இருந்தார்கள்; 22 பேர் இறந்தார்கள். இறங்கியிருந்த ஹெலிகாப்டர் மேடையிலிருந்து வீசப்பட்டு இறக்கை வளைந்து கிடந்தது. அதே நாளில், சாம்பல் படர்ந்த அந்தத் தீவுக்குக் கரையிலிருந்து தாங்களாகவே பறந்து போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தவர்களும் சுற்றுலா ஹெலிகாப்டர் விமானிகள்தான் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

பனியாற்றுச் சுற்றுலாவின் கதை வேறு மாதிரி. நியூசிலாந்தின் மேற்குக் கரையில் ஃபிரான்ஸ் ஜோசஃப், ஃபாக்ஸ் என்ற இரண்டு பனியாறுகள் மழைக்காட்டுக்குள் வரை இறங்கி வந்தவை. முன்பு அடிவாரத்திலிருந்து நடந்தே பனியில் கால் வைக்கலாம். அவை வேகமாகப் பின்வாங்கியதால் முகப்பு சரிந்து ஆபத்தாகி, முதலாவதில் 2012-லும் இரண்டாவதில் 2014-லும் நடந்து ஏறுவது நின்றது. அன்றுமுதல் பனியில் நடக்கவேண்டுமானால் ஹெலிகாப்டர் ஒன்றே வழி. ஒரு சாதாரண சுற்றுலா ஹெலிகாப்டர் மணிக்கு நூற்றைம்பது லிட்டருக்கு மேல் எரிபொருள் குடிக்கும். உருகுவதால் பறக்கிறோம், பறப்பதும் உருகுவதற்குத் தன் பங்கைச் சேர்க்கிறது. ஐஸ்லாந்தில் 2014-இல் பனியாறு என்ற தகுதியை இழந்த ஓக் மலைப் பனிக்கு 2019-இல் நினைவுக் கல் வைத்தபோது, காற்றில் அன்றிருந்த கரியமில வாயுவின் அளவான, பத்து லட்சத்துக்கு 415 பங்கு என்ற எண்ணையும் அதில் பொறித்தார்கள்.

ஃபாக்ஸ் பனியாற்றின் மீது 2015 நவம்பர் 21 அன்று சுற்றுலா ஹெலிகாப்டர் ஒன்று மோதி, விமானியும் ஆறு பயணிகளும் இறந்தார்கள். அன்றைய வானிலை அங்கே பறப்பதற்கு ஏற்றதாக இல்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. பனிப்பரப்பின் மேல் மேகமூட்டமான நாளில் பறப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு பறப்பதற்குச் சமம்: வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை, நிழல் இல்லை. பத்தடி மேலே இருக்கிறோமா நூறடி மேலே இருக்கிறோமா என்பது அனுபவசாலிக்கும் தெரியாது. மார்கழி விடியலில் பள்ளிகொண்டா பக்கம் மூடுபனியில் லாரி ஓட்டுபவர் சாலையின் வெள்ளைக் கோட்டை நம்புவார்; பனியாற்றில் அந்தக் கோடும் கிடையாது. இறங்கும் இடத்தில் நிறக்கொடி நட்டு வைப்பது இதற்காகத்தான். இறங்கும்போதே இறக்கைக்காற்று பொடிப்பனியைக் கிளப்பிச் சுற்றிலும் திரை போட்டுவிடும். தேர்தல் நேரத்தில் தலைவர்களின் ஹெலிகாப்டர் நம் ஊர் மைதானத்தில் இறங்கும்போது கிளம்பும் செம்மண் புழுதியை வெள்ளையாக நினைத்துக்கொண்டால் போதும்.

மேகமூட்டம் என்றால் பனிநாட்டுக்கு மட்டும் உரியதல்ல. எரிமலைத் தீவுக்கூட்டமான ஹவாயில் சுற்றுலாப் பறப்புகளுக்குக் குறைந்த அளவு 1,500 அடி உயரம் என்று 1994-இலேயே அமெரிக்க அரசு விதி வகுத்தது. ஆனாலும் 2019 டிசம்பர் 26 அன்று கவாய் தீவில் மேகத்துக்குள் தொடர்ந்து பறந்த ஹெலிகாப்டர் மலையில் மோதி ஏழு பேர் இறந்தார்கள். மேலே சொன்ன விபத்துகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் எந்திரக் கோளாறைவிடத் திரும்பியிருக்கவேண்டிய நேரத்தில் திரும்பாததே பெரிதாகத் தெரிகிறது. அப்படித் திரும்பாமல் போனதற்குத் துணிச்சல் மட்டுமே காரணமாக இருப்பதில்லை. பணம் கட்டிக் காத்திருக்கும் கூட்டம், அடுத்த முறைக்கு வரிசையில் நிற்பவர்கள், நாளைக்குத் திரும்பு விமானம் என்று கெஞ்சும் குடும்பம் ஆகிய எல்லாம் விமானியின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பாரத்தை எந்த எடை மேடையும் காட்டாது.

ஆகவே சீட்டு வாங்குமுன் கேட்கவேண்டியது எத்தனை நிமிடம் காட்டுவார்கள் என்பதல்ல. வானிலை காரணமாக ரத்தானால் முழுப் பணமும் திரும்ப வருமா, அல்லது வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ள மட்டும்தான் முடியுமா. பறப்பதா வேண்டாமா என்ற முடிவு விமானியுடையதா, அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருடையதா. பயணிகளை உண்மையிலேயே நிறுத்துப் பார்க்கிறார்களா, அல்லது வாய்ச்சொல்லை எழுதிக்கொள்கிறார்களா. தங்குமிடச் செலவு நீண்டால் யார் பொறுப்பு. இவற்றுக்கு எழுத்தில் பதில் தராதவரிடம் கட்டணம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒதுங்கிவிடலாம். பயணத் திட்டத்தில் பறப்பைக் கடைசி நாளில் வைக்காமல் முதல் நாளிலேயே வைத்துக்கொண்டால், மேகம் வந்தாலும் காத்திருக்க இரண்டொரு நாள் கையிருப்பில் இருக்கும். எங்கள் தெரு ஆசிரியை அடுத்த ஆண்டு நியூசிலாந்தில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்புகிறார். பனியாற்றுப் பறப்பை இரண்டாம் நாளுக்கே போட்டுவிடும்படி மகளிடம் சொல்லியிருக்கிறாராம். எடை எத்தனை என்று கேட்டால் மட்டும் இன்னும் பதில் சொல்வதில்லை.